அமாவாசைக்குக் கூடாரம் பார்க்கப் போனோம்

காலை 5.45. செவிலிமேட்டில் எங்கள் தெருமுனைக்கு வாடகைக் கார் வந்ததும் எனக்கு முன்பே யாழினி ஏறி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் தறி நெய்யும் வேலுவின் மகள், ஒன்பது வயது. தெருவில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஜவ்வாது மலைக் காட்டில் ஓர் இரவு கூடாரத்தில் தங்குவதென்று முடிவாகி, இடம் பார்த்து வரும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. வாயைக் கொடுத்தால் அப்படித்தான்.

யாழினிக்கு இருட்டென்றால் பயம். பள்ளிச் சுற்றுலாவில் ராத்திரி அழுது ஊரைக் கூட்டியதால், வேலு போய் அழைத்து வந்தார். வகுப்பில் இன்னும் கேலி ஓயவில்லை. "இவ பயந்தா நாங்க யாரும் வரல" என்று அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். யாழினிக்கோ வர ஆசை. அதனால்தான் அப்பாவையும் மகளையும் முன்கூட்டியே அழைத்துப் போனேன்.

பாலாற்றுப் பாலம், செய்யாறு, ஆரணி. ஆரணியில் இட்லியும் வடையும் மூன்று பேருக்கு 180 ரூபாய், சாம்பார் சுமார்தான். போளூருக்கு அப்பால் மலைப்பாதை. ஜமுனாமரத்தூர் தாண்டி முகாமில் இறங்கும்போது மணி பத்தரை, வீட்டிலிருந்து 136 கிலோமீட்டர்.

முதலில் கழிப்பறைத் தாழ்ப்பாள்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக விழுந்தன. பாதி நிம்மதி.

"என்னிக்கு வரீங்கமா?" என்றார் முகாம் காவலர்.

"அமாவாசைக்கு. தறிக்கு அன்னிக்குதான் லீவு."

அவர் சிரித்துவிட்டார். "அமாவாசையா? கைய நீட்டினா கை தெரியாதேமா!"

ஐந்து வீட்டு விடுமுறையையும் காலண்டரில் கோத்துக் கோத்துப் பார்த்தவள், நிலாவை மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், இருட்டென்றால் எனக்கே பயம்தான். யாழினியின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அழுகையே வந்தது.

வேலுவும் நானும் வேறு தேதி பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். பதறித் தேடினால், கடைசிக் கூடாரம் ஜிப் போட்டு மூடியிருந்தது. வேலு திறந்தார். தடித்த தார்ப்பாய், பகலிலும் உள்ளே கும்மிருட்டு. கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

"மூடுப்பா! நல்லா இருக்குது. நம்ம தறிக்குழி மாதிரியே."

நெய்யும்போது காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கிற பள்ளம் அது.

"அதுக்குள்ள போயி போர்வையப் போட்டு மூடிக்கினு பொம்மையோட விளையாடுவா மா" என்றார் வேலு.

"அங்க இருட்டு பயமில்லையா?" என்றேன்.

"அது எங்க வூட்டு இருட்டு ஆன்ட்டி."

வேலு தலையில் தட்டிக்கொண்டார். "அதுவும் எப்போ? நான் தறியில உக்காராத அன்னிக்கு. அமாவாசைக்குதான்!"

என் வயிற்றில் பால் வார்த்தாள் அந்தப் பெண். சாப்பாட்டுக்கு எழுப்பும்வரை அதிலேயே தூங்கினாள். இரவுக்குக் கூடாரம் ஒன்றுக்கு 1,200 ரூபாய். ஐந்து கூடாரம், அதே அமாவாசைக்கே, பதிவு செய்துவிட்டுக் கிளம்பினோம்.

மாலை ஏழு மணிக்குச் செவிலிமேட்டில் இறங்கினால் தெருவில் கரண்ட் இல்லை. காட்டில் நிலா இல்லாததற்குக் கவலைப்பட்டவள், சொந்த வீட்டு வாசல் தெரியாமல் நின்றேன். செல்போனைத் தேடிப் பையைத் துழாவும்போது ஒரு சின்னக் கை என் விரல்களைப் பிடித்தது.

"பாத்து வாங்க ஆன்ட்டி, படி இருக்குது."