அப்புறம் அண்ணன்

கத்தரிக்கோல் காதோரம் வந்து நிற்கிறது. சீப்பு அந்தரத்தில் நிற்கிறது. கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்து, "அப்புறம்?" என்கிறார் சலூன்காரர். அவ்வளவுதான். மூலத் தொந்தரவில் தொடங்கி மாமியார் தொந்தரவு வரைக்கும் நாற்காலியில் இருப்பவர் கொட்டித் தீர்த்துவிடுவார்.

தெருவில் இவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'அப்புறம் அண்ணன்' என்றால் சின்னக் குழந்தையும் கடையைக் காட்டும். வயது அறுபதைத் தாண்டியும் அண்ணன் அண்ணன்தான். கடையில் ஒரு சுழல் நாற்காலி, ஓரத்தில் ரசம் போன கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஒரு தலையிடம் கேட்டதை இன்னொரு தலைக்குச் சொல்ல மாட்டார். எவ்வளவு தூண்டினாலும், "அது கிடக்கட்டும், உங்க கதைக்கு வாங்க. அப்புறம்?" என்று கழுத்தை லேசாகத் திருப்பிவிடுவார்.

இப்படி ஊரார் கதையெல்லாம் கேட்ட மனிதருக்குச் சொந்தமாக ஒரு கதை வாய்த்தபோதுதான் சிக்கல். போன வருடம் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். மெதுவாக வளர்கிற வகையாம். இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம், வேகம் பிடித்தால் வைத்தியம் என்றார் மருத்துவர். நல்ல செய்திதான். அதை வீட்டுக்குக் கொண்டுபோன விதத்தில்தான் அண்ணன் சொதப்பினார். மனைவி பயந்துவிடக் கூடாதே என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்: "ஒண்ணும் இல்லம்மா. சும்மா பாத்துக்கிட்டு இருக்கலாம்னுட்டாங்க."

அந்தச் 'சும்மா'வைக் குடும்பம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மகள் தொலைபேசியில், "அதான் சும்மா விட்டுட்டாங்களேப்பா, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேல்வீட்டுக்காரியோடு போட்ட சண்டையை ஆரம்பிப்பாள். அப்பாவும் பழக்கதோஷத்தில் "அப்புறம்?" என்பார். பேச வந்தது பேச்சோடு போய்விடும். அண்ணனின் அக்கா நேர் எதிர். "உள்ள வச்சிக்கிட்டு என்னடா வேடிக்கை பாக்குறாங்க? அறுத்துப் போடச் சொல்லு!" மைத்துனர் ஒரு நாள் கடைக்கே வந்து, பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது, "கைய விரிச்சிட்டாங்களா மாமா?" என்று குரல் உடைந்து கேட்டுவிட்டு, ஏதோ ஒரு மூலிகைப் பொடி டப்பாவைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியாவது காது கொடுக்கிறதா? போகும்போதெல்லாம் புது முகம். கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "அப்படியே போகட்டும், அடுத்த தடவை பாப்போம்" என்று அனுப்பிவிடுவார்கள். வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். யாராவது ஒருத்தர் கூட வந்தால் தேவலை என்று இவருக்கு இருக்கிறது. 'சும்மா' பார்க்கிற விஷயத்துக்குத் துணை எதற்கு என்பார்களே! அதனால் கேட்பதில்லை.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் வாரம் நெருங்கினால் அண்ணன் கை தடுமாறும். இடப் பக்கக் கிருதா ஒரு நூல் ஏறிவிடும். அதற்குச் சமமாக வலப் பக்கத்தை ஏற்றுவார். அது கூடிப்போனால் மறுபடி இடம். அந்த வாரம் முடி வெட்டிக்கொண்ட ஆண்களெல்லாம் காதோரம் வெளுத்துப்போய், ஒரே பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் மாதிரி தெருவில் நடமாடுவார்கள். கேட்டால் "புது ஸ்டைலு" என்று சமாளித்துவிடுவார்.

ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவருக்குத் தன் பிடரி எட்டாது. அதற்கு அவர் மனைவிதான்; தெருவுக்கு அண்ணி. பள்ளிக்கூடப் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. தொண்டை எப்போதும் பஸ் சத்தத்துக்கு மேலேயே இருக்கும். மாதம் ஒருமுறை, கடை சாத்துகிற நேரத்துக்கு வந்து மிஷின் போட்டுவிடுவார்.

இந்த மாதம் வந்தபோது அண்ணனுக்கு நெஞ்சு பாரமாக இருந்தது. ரிசல்ட் வந்து மூன்று நாளாகிறது. கடகடவென்று பிடரியில் மிஷின் ஓடுகிற தைரியத்தில், யாருக்கும் கேட்காது என்று முணுமுணுத்தார்: "ரத்தத்துல நம்பர் ஏறியிருக்காம்."

மிஷின் நின்றது.

"தெரியும்" என்றார் அண்ணி.

"எப்படி?"

"எங்க டிரைவர் தலையப் பாத்தேன். எதிர்வீட்டு வாத்தியார், காய்கறிக் கடைக்காரர், ஒருத்தருக்கும் கிருதாவக் காணோம். நீங்க ரத்தம் குடுக்கப் போறப்பல்லாம் இந்தக் கூத்துதானே? ரிசல்ட் வந்தா நின்னுடும். இந்தத் தடவ நிக்கலையே! எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?"

அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரசம் போன இடத்தில் அண்ணியின் முகம் பாதிதான் தெரிந்தது.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"சும்மான்னு சொன்னது யாரு? நானா?" குரல் ஏறி, அப்படியே இறங்கியது. "கிண்டிக் கேட்டா சும்மா இல்லன்னு ஆயிடுமோன்னு பயந்து கெடந்தேன்."

பாவம், இரண்டு பேருமே ஒரே வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"சதை எடுத்துப் பாக்கணுமாம்" என்றார் அண்ணன். "கூட ஒரு ஆள் வரணுமாம்." உடனே தெரிந்த வழியில் தப்பிக்கப் பார்த்தார். "அத விடு. பஸ்ல இன்னைக்கு என்ன கலாட்டா? அப்புறம்?"

அண்ணி மாட்டிக்கொள்ளவில்லை. பாதி மழித்த பிடரியோடு உட்கார்ந்திருந்தவரை நாற்காலியோடு சேர்த்துக் கண்ணாடியிலிருந்து தன் பக்கம் திருப்பினார். பெஞ்சை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்தார். மிஷினின் வயரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக் கேட்டார்:

"அப்புறம்?"