நான் அழித்த நட்சத்திரம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவேன். அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு நாள் காலை, வாழவந்தி டிவிஷனில் காபிப் பழம் பறிக்கும் ஓர் அக்கா வந்தார். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அம்மா எஸ்டேட் தொழிலாளி என்ற சர்ட்டிபிகேட்டை அன்றைக்கே சேலத்தில் கொடுத்தாக வேண்டும். பதினோரு மணி பஸ்ஸை விட்டால் அந்த இடம் போய்விடும்.

பெயரைத் தட்டினேன். அப்படி யாரும் இல்லை என்றது திரை. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். இல்லை. என் பெயரைத் தட்டினால் வருகிறது, தினமும் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் பெயரும் வருகிறது. மிஷினை அணைத்துப் போட்டும் பார்த்தேன். ஒன்றுமே புரியவில்லை. பழைய ரிஜிஸ்டர்களோ சேலம் ஆபீசுக்குப் போய்விட்டன. கடைசியில், "உங்க பேரு இதுல இல்லீங்கக்கா" என்று சொல்லியே விட்டேன்.

"இருவது வருசமா பழம் பறிக்கறேனுங்களே... நான் இல்லீங்களா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

பக்கத்திலிருந்த ரைட்டருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, காலைல நான் மேஸ்திரிங்க பேரத்தான் கூப்புடுவேன். அவங்கவங்க செட்டு ஆளுங்கள அவங்க கூப்புடுவாங்க. உங்க மிசினு மேஸ்திரியோட நின்னுக்குதுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கே தேட வேண்டும் என்று புரோகிராமுக்குச் சொல்லும் எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்தேன். ஆபீஸ் ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி. முந்தின வாரம்வரை அங்கே இரண்டு இருந்தன. யாரோ கை தவறி இரண்டு தடவை அழுத்திவிட்டார்கள் என்று ஒன்றை அழித்த புத்திசாலி நானேதான்! மறுபடி இரண்டாக்கினேன். உடனே பெயர் வந்தது. ஒன்று இருந்தால் மேல் ஃபோல்டரோடு தேடல் நின்றுவிடும். இரண்டு இருந்தால்தான் அதற்குள் இருக்கும் டிவிஷன் ஃபோல்டர்களிலும் இறங்கித் தேடும். ஆபீஸ்காரர்கள் நாங்கள் மேலே இருந்தோம். பழம் பறிக்கிறவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள்.

மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவதற்குள் பஸ் ஹாரன் கேட்டுவிட்டது. ரைட்டர் ரோட்டுக்கு ஓடி பஸ்ஸை நிறுத்தினார். "நொம்ப உபகாரமுங்க" என்று அந்த அக்கா என்னைக் கும்பிட்டுவிட்டு ஏறினார். எனக்கு வெட்கத்தில் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

இப்போதும் ஒருவர் பெயர் திரையில் வரவில்லை என்றால், "நீங்கள் இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நான் எங்கே தேடாமல் விட்டேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.