வார்டு தலைவர் மீன் சுமந்த கதை

பாவ்-ஜூவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தைவானின் தைனான் நகரில் எங்கள் சந்தைப் பக்கம் லாரிக்குத் தார்ப்பாய் தைக்க வேண்டுமென்றால் அவளிடம்தான் வந்தாக வேண்டும், பிறகு பலகை எதற்கு என்பாள். முப்பத்து மூன்று வருடமாக ஒரே மெஷின். அது ஓடினால் பக்கத்தில் என் கடையில் மீன் உருண்டை சூப் குடிக்கிறவர்களின் கிண்ணம் ஆடும். நான் பேசாமல் பொறுத்துப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். தினமும் சண்டைதான்.

லாரிக்காரர்கள் புதுத் தார்ப்பாயை மாட்டிக்கொண்டு பழையதை அவள் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போவார்கள். நைந்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தில் பை தைப்பாள். தோளில் மாட்ட, சாமான் கட்டும் பட்டை. மூடுவதற்கு உடைத்த காரின் சீட் பெல்ட் கொக்கி. துண்டு துணுக்குகள் பர்ஸாகும். "பத்து வருஷம் உழைக்கும்" என்று சொல்லி விற்பாள். உண்மையிலேயே உழைத்துத் தொலைக்கும். அதனால் ஒரு முறை வாங்கியவர்கள் மறுபடி வாங்க வருவதே இல்லை.

அவளிடம் ஒரு பெரிய குறை, பொய் வராது. "இந்தப் பை எனக்கு எடுப்பா இருக்கா?" என்று எவளாவது கேட்டால், "பை நல்லாத்தான் இருக்கு" என்பாள். இப்படிப்பட்டவளுக்குத்தான் போன தேர்தலில் சோதனை வந்தது.

ஹௌ என்பவர் இருபது வருடம் எங்கள் வார்டு தலைவர். சாக்கடை அடைத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவோம், நாய் காணாமல் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். எந்தச் சாவு வீட்டுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். காலைத் தேநீர் மட்டும் பாவ்-ஜூ கடையில். அப்படிப்பட்ட மனிதர், நேற்று முளைத்த கோ என்கிற பையனிடம் ஏழே ஓட்டில் தோற்றுப்போனார். அன்று வீட்டுக்குள் போனவர்தான், வெளியே வரவில்லை.

எங்கள் ஊரில் ஜெயித்தாலும் தோற்றாலும் வேட்பாளர் வண்டியில் ஏறி, ஒலிபெருக்கி வைத்துத் தெருத்தெருவாக நன்றி சொல்லியாக வேண்டும். கோ மூன்று நாள் சொல்லித் தீர்த்தான். ஹௌவோ கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "என்னைக் கவுத்தவங்க யாருன்னு தெரியட்டும். அப்புறம் நன்றி சொல்றேன்."

இதில் மாட்டிக்கொண்டவள் பாவ்-ஜூ. அவள் ஹௌவுக்கு ஓட்டுப் போடவில்லை. ஓட்டுப் போட்ட அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் மெஷினை ஓட்டினாள். இனி ஹௌ நேருக்கு நேர் கேட்டால் என்ன செய்வாள்? பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னால் இத்தனை வருடப் பழக்கம் அன்றோடு சரி.

இதற்கிடையில் ஹௌவின் மனைவி யூ-லான் அறுபது ஃபிளெக்ஸ் பேனர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். எல்லாவற்றிலும் ஹௌ சிரித்துக்கொண்டிருந்தார். "என் கண்ணுல படாம எங்கயாவது தொலைச்சுடு பாவ்-ஜூ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நல்ல ஃபிளெக்ஸை எறிய பாவ்-ஜூவுக்கு மனம் வருமா? வெட்டிப் பை தைத்தாள். ஹௌ அண்ணன் மானம் உள்ளேயே இருக்கட்டும் என்று அச்சடித்த பக்கத்தை உள்பக்கமாக வைத்து, சந்தைப் பெண்களுக்குச் சும்மாவே கொடுத்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. லாரித் தார்ப்பாயில் சாயம் போகாது, அவளுக்கு அந்தப் பழக்கம். தேர்தல் பேனரை ஒரு மாதம் தாங்கினால் போதும் என்றுதானே அடிக்கிறார்கள். ஈரம் பட்டதும் சாயம் விட்டது. ஒருத்தி வாங்கிப் போன டோஃபுவில் ஹௌவின் மீசை ஒட்டியிருந்ததாம். பெண்கள் யோசிக்கவே இல்லை, பையை உள்வெளியாகத் திருப்பிவிட்டார்கள். மறுநாள் சந்தை முழுக்க ஹௌ. இறால் கடையில் ஒரு காது, வெங்காயத்தாளுக்குக் கீழே ஒரு கண், மீன்காரியின் இடுப்போரம் முழுச் சிரிப்பு.

ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு ஹௌ வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். பதினோரு நாளுக்குப் பிறகு இப்போதுதான் வெளியே வருகிறார். மீன்காரியின் பையைப் பிடித்து இழுத்தார்.

"குடு அதை."

"குடுத்துட்டு மீனை எங்க கொட்டறது தலைவரே? உங்க மூஞ்சி நல்லா கனம் தாங்குது, இருக்கட்டும் விடுங்க."

அவள் தர மறுக்கவே, பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பாவ்-ஜூ கடைக்கு வந்தார். நான் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன்.

"நான் தோத்தது போதாதா பாவ்-ஜூ? என் மூஞ்சியில மீனு வேற தூக்கணுமா?"

"உள்பக்கமாத்தாண்ணே வச்சேன். சாயம் போயிடுச்சு. பேனர் அடிச்சவன் உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான்."

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ எனக்கு ஓட்டுப் போட்டியா?"

மெஷின் நின்றது.

"போடலண்ணே."

ஹௌ முகம் வெளுத்துப்போய்த் திரும்பினார். வாசலில் யூ-லான் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். அவர் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள்.

"அவளை ஏன் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க. நானே உங்களுக்குப் போடல."

"என்னது?"

"செப்டம்பர்ல அந்தச் சாவு வீட்டுக் கொல்லையில மயங்கி விழுந்தீங்களே. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினீங்க. இன்னும் நாலு வருஷம் இப்படி ஓடினா ஆள் மிஞ்ச மாட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. தேர்தல்ல நிக்காதீங்கன்னு கெஞ்சினேன். நீங்க பேனர் அடிக்கப் போயிட்டீங்க. நான் என்ன செய்வேன்? இவகிட்ட வந்து அழுதேன். அரிசிக் கடைப் புருசன் பொண்டாட்டிகிட்டயும் அழுதேன். நாலு பேரும் கோவுக்குப் போட்டோம்."

ஹௌ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"நாலு இந்தப் பக்கம் குறையுது. அதே நாலு அந்தப் பக்கம் ஏறுது. மொத்தம் எட்டு. நான் தோத்தது ஏழுல." தலையைத் தூக்கினார். "ஏய், அப்போ நியாயமா நான்தாண்டி ஜெயிச்சிருக்கேன். ஒரு ஓட்டுல."

"ஆமா, ஜெயிச்சிட்டீங்க. பேசாம உக்காருங்க, மூச்சு வாங்குது" என்றாள் யூ-லான். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பாவ்-ஜூ மெதுவாகக் கேட்டாள், "என் மேல கோவமாண்ணே?"

"கோவந்தான். டீ போடு."

மறுநாள் ஹௌ வாடகை லாரியில் ஏறி நன்றி சொல்லக் கிளம்பினார். குடையும் தண்ணீர்ப் புட்டியுமாக யூ-லான் பக்கத்திலேயே நின்றாள். தோற்ற மனிதர் இத்தனை மிடுக்காகக் கையசைத்து நாங்கள் பார்த்ததில்லை. பாவ்-ஜூ கடை வாசலுக்கு வந்ததும் லாரியை நிறுத்தச் சொன்னார். ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு, சந்தையே கேட்கும்படி, "எனக்கு ஓட்டுப் போடாத அந்த நாலு பேருக்கும் ரொம்ப நன்றி" என்று சொல்லி இடுப்பு வளையக் குனிந்தார். யார் அந்த நாலு பேர் என்று ஊர் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது.