ரவைப் பட்டி கழுவும் ஜெகதீஸ்வரி

சுடுதண்ணீர் பட்டால் துணி சுருங்கிவிடும். அதனால் ஜெகதீஸ்வரி குளியல் தொட்டிக்குள் கையை விட்டு இரண்டு முறை பார்த்துக்கொள்கிறாள். பிறகு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, துப்பாக்கி ரவைப் பட்டியொன்றை மடியில் இழுத்துப் போட்டு, பழைய பற்தூரிகையால் பை பையாகத் தேய்க்கிறாள். ஒரு பட்டியில் இருநூற்றைம்பது பை. "எந்தக் கோதாரியில போனவன் இப்பிடித் தைச்சானோ" என்று வாய் முணுமுணுக்கும், கை நிற்காது.

பயந்துவிடாதீர்கள், எல்லாம் சினிமாவுக்கு வாடகைக்குப் போகிறவை. உலகப் போர்ப் படமொன்று எடுத்து முடிந்ததும், பற்றிக் என்ற படச் சாமான் கடைக்காரன், சேறும் செயற்கை இரத்தமும் அப்பிய பட்டிகளை, கனடாவில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் உள்ள அவள் வீட்டுக்குக் கொண்டுவருவான். கழுவிக் கொடுத்தால், வெடிமருந்தில்லாத ரவைகளை மறுபடி கோத்து அடுத்த படத்துக்கு அனுப்புவான். முதல் நாள் அந்தச் சிவப்பைக் கண்டதும் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றவள் அவள். முகர்ந்து பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. "சீனிப்பாணியெல்லோ இது!"

காயவைப்பதில்தான் அவளுடைய கெட்டித்தனம். ஈரம் உலரும்போது பை ஒடுங்கினால் ரவை உள்ளே போகாது. ஆகவே ஒவ்வொரு பைக்குள்ளும் விரல் தடிப்பில் ஒரு மரக்குச்சி. குசினிக் கதிரையிலிருந்து படுக்கையறைக் கதவுவரை பட்டிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வீட்டுக்கு வருபவர்கள் குனிந்துதான் போகவேண்டும். சுத்தம் கூடிப்போயிற்று என்று பற்றிக் பிரெஞ்சில் அழுவான். படத்தில் பழசாகத் தெரியவேண்டுமென்று, கடைக்குப் போய்த் தேயிலைச் சாயம் பூசி அவனே ஊத்தையாக்குவான். "ஊத்தையை விட்டுப்போட்டுக் கழுவினனெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்பாள்.

உண்மையில் இது மகன் சாரங்கனின் வேலை. பற்றிக்கிடம் பகுதிநேரமாக இருந்தவன், மூன்று வருட ஒப்பந்தத்தில் கனடிய இராணுவத்தில் சேர்ந்து இப்போது லத்வியாவில் நிற்கிறான். ஒரு யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்து பெற்ற பிள்ளை. அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடக் கூடாதென்று இவள் கழுவத் தொடங்கினாள். "பெடியன் வந்தால் அவன்ரை வேலை அவனுக்கு இருக்கவேணும்." அவனை நினைக்காமல் அவள் தேய்த்த பை ஒன்றுகூட இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் கைபேசியில் முகம் காட்டினான். "அம்மா, இன்னும் மூண்டு வருசத்துக்குச் சைன் பண்ணிப்போட்டன். கோவிக்காதேங்கோ."

"சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பற்றிக் புதுப் பெட்டியோடு வந்தான். செய்தி அவனுக்கும் தெரிந்திருந்தது. இனி வேலையை அவள் பெயருக்கே மாற்றிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நோன், மெர்சி" என்று மறுத்தாள். அதற்குமேல் பிரெஞ்சு வரவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு, உள்ளதிலேயே ஆக ஊத்தையான பட்டியைத் தேடி எடுத்தாள். "இதை அவன் வந்து கழுவட்டும்" என்று பற்றிக்கிடம் தமிழிலேயே சொன்னாள்.

சேறு உதிர்ந்துவிடாமல் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், சாரங்கனின் கட்டிலுக்கடியில் வைத்தாள்.