கொசுறு இல்லாத கடை

அந்தப் பக்கத்திலேயே முதன்முதலாக மளிகைச் சாமானைப் பாக்கெட்டில் அடைத்து, வருகிறவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று அலமாரிகளில் அடுக்கியவர் என்பதால், பாக்கெட்டம்மா என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அதற்கு முன் அது அவருடைய கணவர் நடத்திய கடை. தராசு முள் நேரான பிறகும் ஒரு பிடி பருப்பையோ நாலு மிளகாயையோ கொசுறாகப் போட்டுத்தான் கணவர் பொட்டலம் கட்டுவார். அந்தக் கைக்காகவே கூட்டம் வந்தது; அந்தக் கையாலேயே கடை கரைந்தது. மூழ்கும் தறுவாயில் பாக்கெட்டம்மா தம் நகைகளை விற்று, தராசு மேசையைப் பெயர்த்தெடுக்கச் செய்தார்.

"காசும் குடுத்து வேலையும் நாமளே பாக்கணுமா? அடுத்து கடையைப் பெருக்கச் சொல்லுவாங்க!"

ஏளனம் செய்தவர்களே கூடைகளை நிரப்பினார்கள். சிலர் சொந்தப் பைகளையும் நிரப்பினார்கள். ஆகவே வாசலில் முக்காலி போட்டு, பைகளைச் சோதிக்கக் கணவரை உட்காரவைத்தார். வேலையற்று நின்றவருக்கு அது ஒரு பொறுப்பு என்றே பாக்கெட்டம்மா நம்பினார்.

ஒரு மாலை நாத்தனார் வந்தார்.

"என்னண்ணா, பைக்கு நாடி பாக்குறியா?"

வரிசையே சிரித்தது. சிரித்தபடி பையை விரித்த கணவர், சட்டென்று மூடித் தங்கையிடம் நீட்டினார். அதைப் பாக்கெட்டம்மா பார்த்துவிட்டார். ஒருவரை விட்டால் நாளை எல்லாரையும் விட வேண்டும். கல்லாவிலிருந்து எழுந்துவந்து, அத்தனை பேர் முன்னிலையில் பைக்குள்ளிருந்து ஒரு மிளகுப் பாக்கெட்டை எடுத்தார்.

"மறந்துட்டேன் அண்ணி..." என்றார் நாத்தனார்.

"கொசுறுன்னு விட்டிருக்கக் கூடாதா?" என்றார் கணவர்.

"பாக்கெட்டுக்கு ஏதுங்க கொசுறு?"

தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறிய கணவர், அதன்பின் கடைக்குள் அடியெடுத்துவைக்கவில்லை. வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்ற அளவில் ஓடியது. ஆனால் வீட்டுச் சாமானைக் கணவர் அடுத்த தெருவில், இன்னும் தராசு வைத்திருந்த கடையில் வாங்கலானார். பாக்கெட்டம்மாவின் கடை ஒன்று நான்காகியும் அது மாறவில்லை.

"உங்க வீட்டுக்காரர் அங்க போய் நிக்கிறாரே, உங்க அரிசியில கல்லா?" என்று ஒருத்தி குத்தினாள்.

"டாக்டர் அவரை நடக்கச் சொல்லியிருக்காரும்மா."

அப்படி நின்றிருந்த இடத்திலேயே ஒருநாள் கணவர் சரிந்து விழுந்து உயிர்விட்டார். செய்தியோடு வந்த தராசுக்கடைக்காரர், பாதி நிரம்பிய துணிப்பையைத் தயங்கித் தயங்கி நீட்டினார்.

"கட்டின வரைக்கும் இருக்குங்க. காசெல்லாம் வேண்டாம்."

பாக்கெட்டம்மா பையை வாங்கிக்கொண்டார். கல்லாவைத் திறந்தார்.

"எவ்வளவு ஆச்சு, சொல்லுங்க."