மாஸ்டர் எடுக்க மறுத்த வரி

சூசை மாஸ்டர் போய்விட்டார். இன்று காலை, வவுனியாவில் மகளின் வீட்டில்... தம்பி போனில் சொன்னான். நாளை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள்.

அறுபதுகளில் முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்குப் படிப்பித்தவர். பள்ளி விட்டால் திருச்சபை வரலாறு, கிறிஸ்தவ சிந்தனை என்று எழுதிக்கொண்டே இருப்பார். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான், பிற்காலத்தில் தனியே இருந்துதான் அவற்றை வாசித்து விளங்கிக்கொண்டேன்.

எங்கள் கோயிலின் வரலாற்றையும் எழுதினார். அதில் ஒரு வரி... முதற்கோயிலைக் கட்டியவர்கள் கூலிக்குக் கரைவலை இழுத்தவர்கள் என்று.

அந்த நாளில் கோயிலுக்குள் உட்காரும் வாங்குகள் எல்லாம் சம்மாட்டிமாருக்கு, அதாவது வலைச் சொந்தக்காரருக்கு. வலை இழுத்தவர்கள் வெளியே மணலில் நின்றுதான் பூசை காண்பார்கள். அப்பா சம்மாட்டி. கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பரும் அவர்தான்.

எங்கள் வீட்டில் கூட்டம் வைத்தார்கள். "மாஸ்டர், அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கோ. மிச்சம் முழுக்க எங்கட செலவிலை அச்சடிப்பம்" என்றார் அப்பா.

"எடுத்தா மிச்சத்தை ஆர் நம்புவினம், மூப்பர்?"

"விட்டா யேசுநாதரும் கூலிக்கு வலை இழுத்தவர் எண்டு எழுதுவியள்!" பெரியப்பா நக்கலடித்தார். எல்லோரும் சிரித்தோம்.

"அவர் இழுக்கேல்லை ஐயா. இழுத்தவையைத்தான் கூப்பிட்டவர்" என்றார் மாஸ்டர்.

புத்தகம் அச்சேறவில்லை. அடுத்த ஞாயிறு முதல் மாஸ்டரும் வெளியே மணலில் நின்றார். மாரி மழையிலும்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சேட்டு நனையுது மாஸ்டர், உள்ளுக்கு வாங்கோ."

"இஞ்சையும் பூசை கேக்குது பிள்ளை. இவையளையும் கூப்பிடுங்கோ, வாறன்."

அம்மா தலை குனிந்தபடி தனியே உள்ளே வந்தார். அப்பா திரும்பியே பார்க்கவில்லை.

இன்று கோயில் வாசலில் மாஸ்டருக்குப் பெரிய பனர். 'எங்கள் வரலாற்றாசிரியர்' என்று போட்டிருக்கிறதாம். கட்டியது எங்கள் குடும்பம்.

"அண்ணை, அடக்கத்திலை நாலு வார்த்தை கதையுங்கோ" என்றான் தம்பி. "அந்தப் பழைய கதையை மட்டும் எடுக்காதேங்கோ. அப்பாவின்ரை பேர் கெடும்."

"அப்ப நான் கதைக்கேல்லை."

போனை வைத்துவிட்டேன். அதுதான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர் கோபிக்கட்டும்... இந்தப் பதிவை அழிக்கமாட்டேன்.

மாஸ்டர், பனரின் அடியில் எங்கள் வீட்டுப் பெயர் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் உங்களைக் கொண்டுபோவார்கள். வெட்கமாக இருக்கிறது.

போய் வாருங்கள்.