இரண்டு விரல் மெத்தை

மெத்தைக்காரருக்கு அறுபத்தொரு வயது. தரையை விட்டு ஒரு சாண்கூட எழும்பியதில்லை. ஆனால் தினமும் மதியம் பறந்துவிடுவார்.

விமானப் பயிற்சிப் பள்ளியின் இரண்டு குட்டி விமானங்களுக்கும் இருக்கை தைப்பது, பெல்ட் மாற்றுவதெல்லாம் அவர் வேலை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்ததும் கொட்டகையில் நிற்கும் ஒன்றாம் நம்பரில் ஏறி, இடப்பக்க இருக்கையில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். வெயிலில் தகரக்கூரை முனகுவது எஞ்சின் சத்தமாகிவிடும். கீழே ஆறு வளையும், மேகத்தின் நிழல் வயலைத் தடவிக்கொண்டு போகும். கடைசியில், கொட்டகைக்கு எதிரே தெரியும் கம்பிவேலியைப் பார்த்துப் பூப்போல இறங்குவார்.

"தரையிலேயே பறக்கிற ஒரே மனுஷன் இவருதான்" என்பாள் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த மாதம் நஷ்டம் கேப்டன் அக்காவுக்கு வந்தது. முப்பது வருஷமாகப் பறக்கக் கற்றுக்கொடுப்பவர். பத்து நாளாக இறங்கும்போதெல்லாம் பொத்தென்று விழுந்தார். ஒருமுறை வால் ஓடுபாதையில் உரசியது. மாணவர்களும் அப்படித்தான் விழுந்தார்கள், ஆனால் மாணவர்கள் விழுவது ஊரறிந்த விஷயம். மாற்றி ஓட்டிப் பார்க்கலாமென்றால் இரண்டாம் நம்பரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கண் பரிசோதனையிலும் குறையில்லை. திங்கட்கிழமை நிர்வாகியின் முன்னால் ஒழுங்காக இறக்கிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இனி பறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"விமானத்துலதான் ஏதோ சரியில்ல" என்றார் கேப்டன் அக்கா.

அவர் போனதும் மெக்கானிக் சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." மெத்தைக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

சனிக்கிழமை மதியம் வழக்கம்போல ஏறிச் சாய்ந்தார். ஆறு வந்தது, வயல் வந்தது, வேலி வந்தது. வேலிக்குக் கீழே ஒரு தண்ணீர்க் குழாயும் வந்தது.

கண் முழுதாகத் திறந்துகொண்டது. தரையில் பெயிண்டால் போட்ட அதே குறியில்தான் விமானம் நின்றது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் குழாயை விமானத்தின் மூக்கு மறைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தார், குழாய் மறைந்தது. நிமிர்ந்தார், தெரிந்தது. பிறகு தனக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். கேப்டன் அக்கா முதுகுவலி என்றாரே என்று, பத்து நாளுக்கு முன்னால் யாரையும் கேட்காமல் இரண்டு இருக்கைகளிலும் தானே கூடுதலாக வைத்துத் தைத்த மெத்தை. இரண்டு விரல் கனம். பத்து நாளாகப் பாதிக் கண்ணோடு பறந்ததில் குழாய் கவனத்தில் படவில்லை.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இத்தனை நாள் எதற்கும் பயப்படாமல் பறந்த மனுஷன், இறங்கி நடக்கத்தான் பயந்தார். ஆனாலும் கேப்டன் அக்காவிடம் நடந்தார்.

"கூடம் கோணல்தான்மா" என்றார். "கோணலாக்குனது நான்."

மெத்தைக் கதையைக் கேட்டதும் கேப்டன் அக்கா விமானத்தில் ஏறி உட்கார்ந்து குழாயைப் பார்த்தார். "உசரமா உக்காந்தா மூக்கு தாழ்ந்த மாதிரி தெரியும்ணே. கை தானா அதிகமாத் தூக்கிடும். வேகம் போயி விழும்."

அன்றைக்கே மெக்கானிக் பக்கத்தில் நிற்க, மெத்தைக்காரர் தையலைப் பிரித்துக் கூடுதல் மெத்தையை எடுத்தார். யாரைக் கேட்டு வைத்தாய் என்று நிர்வாகி நல்லாவே வாங்கு வாங்கென்று வாங்கினார். மெத்தைக்காரர் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஒன்றாம் நம்பர் மேலே போய்ச் சுற்றித் திரும்பியது. மெத்தைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தப் பொத்தென்ற சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது வரவேயில்லை. கண்ணைத் திறந்தபோது விமானம் பக்கத்தில் உருண்டு வந்துகொண்டிருந்தது.

எஞ்சின் நின்றும் கேப்டன் அக்கா இறங்கவில்லை. மெத்தைக்காரர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அந்தம்மா அழுதுகொண்டிருந்தார்.

"எனக்கு வயசாயிடுச்சுன்னே நம்பிட்டேன்ணே."

மெத்தைக்காரர் குனிந்து பெல்ட்டை அவிழ்த்துவிட்டார்.